பட்டாளத்தாருக்கு ஒரு நீதி, பாட்டாளிக்கு ஒரு நீதியா?



சில வாரங்களுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நம் சங்க அலுவலகத்தின் பெஞ்சில் இருவர் வந்து அமர்ந்தனர். ஒருவர், பாங்கோடு பட்டாள முகாமின் குவார்ட்டர்ஸில் குடியிருக்கும் ஒரு தங்கை. கணவர் ஹவில்தார். சொந்த ஊர் கல்குளம் பக்கம். இந்த நகரத்திலேயே ஒரு பள்ளியில் ஆசிரியை வேலை பார்க்கிறார். மற்றவர், சாலைக் கடைத்தெருவில் 22 ஆண்டுகளாக மூட்டை சுமக்கும் ஓர் அண்ணாச்சி. அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர்.

அந்தத் தங்கை ஒரு சந்தேகத்தோடு வந்திருந்தார். அவருடைய உறவுக்காரப் பெண் ஒருத்தி அமெரிக்காவில் அந்நாட்டுப் படைவீரர் ஒருவரை மணந்திருக்கிறாள். கணவனின் ஊர் ஒரு மாநிலம், அவள் ஊர் வேறொரு மாநிலம், இப்போது வேலை பார்ப்பது மூன்றாவது மாநிலம். எந்த மாநிலத்துக்கு வருமான வரி கட்டுவது என்று அங்கே பெரிய கேள்வியாம். “எங்களுக்கும் அப்படி ஏதும் உண்டா? வீடு தமிழ்நாட்டில், சம்பளம் கேரளத்தில். வரி எந்த ஊருக்கு? ஓட்டு எந்த ஊருக்கு?” என்று கேட்டார்.

பக்கத்தில் இருந்த அண்ணாச்சி சிரித்தார். “வரி கிடக்கட்டும் தங்கச்சி. நான் எந்த ஊர்க்காரன்னு முதல்ல யாராவது ஒருத்தர் சொல்லட்டும். அங்க போனா ‘நீ கேரளாக்காரன்’ங்கான். இங்க கேட்டா ‘நீ பாண்டிக்காரன்’ங்கான்” என்றார்.

இரண்டும் வேறு வேறு கேள்விகள்போலத் தோன்றும். உண்மையில் இரண்டும் ஒரே கேள்விதான். பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த குடும்பம் எந்த ஊரைச் சேர்ந்தது? அதை முடிவு செய்வது யார்? அரசா, அதிகாரியா, அந்தக் குடும்பமா? இதைப் பற்றித்தான் இந்த இதழில் நம் கருத்தைச் சொல்ல விரும்புகிறோம்.

அமெரிக்காவின் கதை

முதலில் தங்கையின் கேள்விக்கு வருவோம். அமெரிக்காவில் மத்திய அரசுக்கு ஒரு வருமான வரி, அதற்கு மேல் பெரும்பாலான மாநிலங்களுக்குத் தனியாக ஒரு வருமான வரி. டெக்சாஸ், புளோரிடா போன்ற சில மாநிலங்களில் மட்டும் சம்பளத்தின் மீது மாநில வரி இல்லை. ஆகவே ஒருவர் எந்த மாநிலத்துக்காரர் என்பது அங்கே நேராகச் சட்டைப்பையைத் தொடும் சங்கதி.

படைவீரன் தன் விருப்பப்படி ஊர் மாறுவதில்லை. உத்தரவு வந்தால் மூட்டை கட்ட வேண்டும். போன இடமெல்லாம் “நீ எங்கள் ஊரில் குடியிருக்கிறாய், வரி கட்டு” என்று கேட்டால் அவன் கதி என்ன? இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1942-ஆம் ஆண்டில், அதற்கு இரண்டாண்டு முன் இயற்றப்பட்டிருந்த படைவீரர் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். உத்தரவின்பேரில் வேறு மாநிலத்தில் தங்கியிருப்பதால் மட்டும் ஒரு வீரன் தன் சொந்த மாநிலத்தை இழந்துவிட மாட்டான், புதிய மாநிலத்துக்காரனாகவும் ஆகிவிட மாட்டான், வரி விஷயத்தில் அவன் சொந்த ஊர்க்காரன்தான் என்பது அதன் சாரம்.

சட்டம் வந்த பிறகும் கை நீட்டினார்கள். லூயிசியானா மாநிலத்துக்காரரான விமானப்படை அதிகாரி ஒருவர் கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில் பணியில் இருந்தார். அவர் வாடகை வீட்டில் இருந்த தட்டுமுட்டுச் சாமான்களின் மீது அங்கே வரி போட்டார்கள். வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1953-இல் அந்த வரி செல்லாது என்று தீர்ப்பாயிற்று.

சரி, மனைவியின் நிலை என்ன? கணவனோடு மூட்டை கட்டியவள் அவளும்தானே? அவளைச் சட்டம் திரும்பிப் பார்க்கவில்லை. கணவனின் சம்பளம் சொந்த ஊர்க் கணக்கில், அதே வீட்டில் சமைத்துச் சாப்பிட்டு வேலைக்குப் போகும் மனைவியின் சம்பளம் வந்த ஊர்க் கணக்கில். ஒரே கூரையின் கீழ் இரண்டு மாநிலம்! 2009 நவம்பரில்தான் மனைவியும் (அல்லது கணவனும்) தன் சொந்த மாநிலத்தை வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தது. அதிலும் ஒரு முடிச்சு: இருவருக்கும் சொந்த மாநிலம் ஒன்றாக இருக்க வேண்டும். 2018-இல் அந்த முடிச்சை அவிழ்த்தார்கள். படைவீரரின் மாநிலத்தையே தன் மாநிலமாக வாழ்க்கைத்துணை தேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். 2023 ஜனவரியில் கையெழுத்தான சட்டம் இன்னும் ஒரு படி போயிற்று. கணவனின் மாநிலம், மனைவியின் மாநிலம், பணியிட மாநிலம் ஆகிய மூன்றில் எதையும் அந்தத் தம்பதி தேர்ந்துகொள்ளலாம்.

கவனியுங்கள் தோழர்களே! வீரனைச் சட்டம் கண்டுகொண்டது 1942-இல். அவன் வாழ்க்கைத்துணையைக் கண்டுகொண்டது 2009-இல். இடையே 67 ஆண்டுகள். ஆயினும் கடைசியில் அவர்கள் வந்து சேர்ந்த இடம் சரியான இடம். உத்தரவின்பேரில் அலையும் குடும்பத்துக்கு, தன் ஊர் எது என்று தானே சொல்லும் உரிமை வேண்டும் என்பதே அது.

நம் நாட்டில் நிலை என்ன?

நம் தங்கை ஒரு வகையில் பாக்கியசாலி. இந்தியாவில் சம்பளத்தின் மீது மாநில வருமான வரி கிடையாது. அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணைப்படி வருமான வரி மத்திய அரசின் அதிகாரம். விவசாய வருமானத்தின் மீதான வரி மட்டும் மாநிலங்களுடையது. அது தோட்ட முதலாளிகளின் கவலை, தோட்டத் தொழிலாளியின் கவலை அல்ல. பாங்கோட்டில் இருந்தாலும் கல்குளத்தில் இருந்தாலும் அந்தத் தங்கையின் வருமான வரி ஒன்றே.

ஆனால் இந்தியாவிலும் ஒரு மூலையில், மாநிலமும் திருமணமும் வருமான வரியும் ஒன்றாகச் சிக்கிக்கொண்ட கதை உண்டு. அது சிக்கிம். 1975 ஏப்ரல் 26 அன்று இந்தியாவோடு இணைந்த அந்த மாநிலத்தின் பழைய குடிகளுக்கு வருமான வரி விலக்கு உண்டு. 2008-இல் நாடாளுமன்றம் அந்த விலக்கை எழுதியபோது இரண்டு பேரை வெளியே நிறுத்தியது. ஒருவர், இணைப்புக்கு முன்பே அங்கே போய்க் கடை வைத்து, தொழில் செய்து, நிலையாகக் குடியேறியிருந்தும் பழைய மன்னராட்சிப் பதிவேட்டில் பெயர் இல்லாத இந்தியர். மற்றவர், 2008 ஏப்ரல் 1-க்குப் பிறகு சிக்கிம்காரர் அல்லாத ஒருவரை மணந்துகொள்ளும் சிக்கிம் பெண். ஆண் வெளியே பெண் எடுத்தால் விலக்கு போகாது. பெண் வெளியே வாழ்க்கைப்பட்டால் விலக்கு போய்விடும்!

2023 ஜனவரி 13 அன்று உச்ச நீதிமன்றம் இந்த இரண்டு அநீதிகளையும் தள்ளுபடி செய்தது. பெண் தன் கணவனின் உடைமை அல்ல, அவளுக்குத் தனி அடையாளம் உண்டு என்ற அடிப்படையில் அந்த விதி செல்லாதென்று ஆயிற்று. முன்பே குடியேறியவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் தீர்ப்பாயிற்று. குடியேறிய குடும்பங்களாகிய நாம் இந்தத் தீர்ப்பை மனத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பதிவேட்டில் பெயர் இல்லை என்பதற்காக மண்ணில் உழைத்தவன் அந்நியன் ஆகிவிட மாட்டான் என்பது அதன் பொருள்.

வரி என்றால் இங்கே, உரிமை என்றால் அங்கே!

வருமான வரி இல்லையென்றால் நமக்குச் சிக்கலே இல்லையா? இருக்கிறது. அது வேறு வாசல்கள் வழியாக வருகிறது.

தொழில் வரியை எடுத்துக்கொள்ளுங்கள். அரசியல் சட்டத்தின் 276-ஆம் பிரிவுப்படி ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது. கேரளத்தில் அதை மாநகராட்சியும் நகராட்சியும் ஊராட்சியும் அரையாண்டுக்கு ஒருமுறை வாங்குகின்றன. நம் தங்கையின் சம்பளத்தில் பள்ளிக்கூடமே பிடித்துக் கட்டிவிடுகிறது. “உன் சொந்த ஊர் எது? உன்னிடம் நேட்டிவிட்டி சர்டிபிகேட் உண்டா?” என்று அப்போது யாரும் கேட்பதில்லை. இங்கே வேலை செய்கிறாய், ஆகவே இங்கே கட்டு. நியாயம்தான். நாம் மறுக்கவில்லை. இந்த நகரத்தின் சாலையில் நடக்கிறோம், விளக்கில் படிக்கிறோம், குழாய்த் தண்ணீர் குடிக்கிறோம். கட்ட வேண்டியதைக் கட்டுவோம்.

வாகனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவுப்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் புதிய எண் வாங்க வேண்டும். அதோடு இங்கத்து வரியும் வரும். அப்போதும் நாம் இங்கத்துக்காரர்.

ஆனால் சலுகை கேட்டுப் போய் நிற்கும்போது காட்சி மாறுகிறது. பிள்ளையின் படிப்புக்கு நேட்டிவிட்டி, சாதிச் சான்றிதழ், வீட்டுத் திட்டம், வாக்காளர் பட்டியல் என்று எதற்குப் போனாலும், “உங்கள் ஊரில் போய் வாங்கி வாருங்கள்” என்ற பதில். ஊருக்குப் போனால், “நீங்கள் இங்கே குடியில்லையே” என்ற பதில். களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் ஒரு கை, அந்தப் பக்கம் ஒரு கை. இரண்டு கையும் நம்மைத் தள்ளுகின்றன, ஒரு கையும் நம்மை ஏந்துவதில்லை.

வரி கேட்கும்போது நாம் இந்த ஊர், உரிமை கேட்கும்போது நாம் அந்த ஊர். இதுதான் புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் இன்றைய நிலை.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. 1956 நவம்பர் 1-க்கு முன்னால் அகஸ்தீஸ்வரமும் தோவாளையும் கல்குளமும் விளவங்கோடும் செங்கோட்டையும் இந்தத் திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்டிருந்தவை. அந்த ஊர்க்காரர் சாலைத் தெருவுக்கு வந்து கடை வைத்தால் அவர் வெளியூர்க்காரர் அல்ல. மக்கள் போராடிப் பெற்ற எல்லையை நாம் குறை கூறவில்லை. அந்த எல்லை மாநிலங்களுக்காக ஏற்பட்டது. குடும்பங்களை அறுப்பதற்காக ஏற்பட்டதல்ல. இந்தியாவுக்கு ஒரே டொமிசைல்தான் உண்டு, மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி டொமிசைல் என்று பேசுவது தவறு என்று 1984-இல் பிரதீப் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

பட்டாளத்தாருக்கு வழி இருக்கிறது

இனி ஓட்டுக்கு வருவோம். நம் மக்களுக்கு இதுவே உயிர்நாடி.

1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். ஒருவர் எங்கே “சாதாரணமாகக் குடியிருப்பவர்” என்பதைச் சொல்லும் பிரிவு அது. ஓர் ஊரில் வீடு இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவர் அந்த ஊர்க்காரர் ஆகிவிட மாட்டார். தற்காலிகமாக வெளியே போனார் என்பதற்காக அந்த ஊர்க்காரர் அல்லாதவராகவும் ஆகிவிட மாட்டார். இது எல்லாருக்கும் பொது.

அதே பிரிவில் படைவீரருக்குத் தனி வழி உண்டு. அவர் லடாக்கில் இருந்தாலும் பாங்கோட்டில் இருந்தாலும், பணிக்குப் போகாதிருந்தால் எந்த ஊரில் இருந்திருப்பாரோ அந்த ஊரே அவர் ஊர். தாமே ஒரு படிவத்தில் எழுதி உறுதி கூறினால் போதும். அவரோடு சாதாரணமாகக் குடியிருக்கும் மனைவிக்கும் அதே ஊர். வாக்குச்சீட்டு தபாலில் வரும். 2003 முதல் தமக்குப் பதிலாக ஓட்டுப் போட ஊரில் ஒருவரை நியமிக்கவும் சட்டம் இடம் தருகிறது. 2016 முதல் வாக்குச்சீட்டை மின்வழியாக அனுப்பும் முறையும் வந்துவிட்டது.

இது மட்டுமா? குடும்பத்தோடு பணியிடத்திலேயே குடியிருக்கும் வீரர் விரும்பினால் அந்தப் பணியிடத்திலேயே பொது வாக்காளராகவும் பதிந்துகொள்ளலாம் என்று தேர்தல் ஆணையம் விளக்கியிருக்கிறது. அதாவது நம் தங்கைக்கும் அவர் கணவருக்கும் இரண்டு வாசல்கள் திறந்திருக்கின்றன. ஒன்று, சொந்த ஊர். மற்றொன்று, இந்த ஊர். எது வேண்டுமோ அதைத் தேர்ந்துகொள்ளலாம். இரண்டையும் வைத்துக்கொள்ள மட்டும் கூடாது.

இந்தச் சட்டத்திலும் ஒரு குறை நெடுங்காலம் இருந்தது. “மனைவி” என்றே எழுதியிருந்தார்கள். பட்டாளத்தில் பெண்கள் சேர்ந்து அதிகாரிகளாகவும் ஆன பிறகும், பெண் அதிகாரியின் கணவனுக்கு அந்த வழி கிடையாது. 2021 டிசம்பரில் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, “மனைவி” என்ற சொல்லின் இடத்தில் “வாழ்க்கைத்துணை” என்று எழுதியது. 2022 ஆகஸ்டு 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 1950-இல் எழுதிய ஒரு சொல்லை மாற்ற 71 ஆண்டுகள்! அமெரிக்காவின் 67-ஐ நாம் வென்றுவிட்டோம்!

இதிலிருந்து நாம் கற்கும் பாடம் இரண்டு. ஒன்று, சட்டம் மனம் வைத்தால், ஊர் மாறி உழைப்பவனுக்கும் ஊர் உண்டு என்று எழுத முடியும். இரண்டு, எழுதும் சட்டம் குடும்பத்தை ஒன்றாகப் பார்க்கவும் வேண்டும், அதே சமயம் பெண்ணைத் தனி மனுஷியாக மதிக்கவும் வேண்டும்.

பாட்டாளிக்கு வழி எங்கே?

இப்போது பெஞ்சில் இருந்த அண்ணாச்சியைப் பாருங்கள். 22 ஆண்டுகள் இந்த நகரத்தின் அரிசியும் பருப்பும் வெங்காயமும் அவர் தோளில் ஏறி இறங்கியிருக்கின்றன. அவருக்கு உறுதிமொழிப் படிவம் உண்டா? தபால் வாக்கு உண்டா? ஊரில் பதிலுக்கு ஓட்டுப் போட ஆள் நியமிக்கும் உரிமை உண்டா? ஒன்றும் கிடையாது. இங்கே பதிவு செய்யலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் நடைமுறையில் வாடகைச் சீட்டு கேட்பார்கள். வீட்டுக்காரர் வாடகைச் சீட்டு எழுதித் தர மாட்டார். லாட்ஜிலும் கடை மாடியிலும் எட்டுப் பேராகத் தங்கியிருப்பவனுக்கு யார் சீட்டு எழுதுவார்?

சட்டத்தை நடத்துவோர் மனம் வைத்தால் இதற்கும் வழி உண்டு. வீடே இல்லாமல் தெருவில் தூங்குகிறவரை எப்படிப் பதிவது என்று தேர்தல் ஆணையம் சொல்லியிருக்கிறது. வாக்குச்சாவடி அலுவலர் இரவு நேரத்தில் ஒருமுறைக்கு மேல் நேரில் போய், அவர் அங்கேதான் தூங்குகிறார் என்று பார்த்துக்கொண்டால் போதும், காகிதம் எதுவும் வேண்டாம். தெருவில் தூங்குகிறவருக்குள்ள இந்த வழி, கடை மாடியில் தூங்குகிறவருக்கு மட்டும் ஏன் எட்டாமல் போக வேண்டும்?

2025 நவம்பர் 4 அன்று கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஒரே நேரத்தில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. முந்தைய தீவிரத் திருத்தத்தின் பட்டியலில் உன் பெயர் உண்டா, உன் பெற்றோர் பெயர் உண்டா என்று படிவம் கேட்டது. அப்போது நம் குடும்பங்கள் பட்ட பாடு நமக்குத்தான் தெரியும். ஊரில் அலுவலர் வீட்டுக் கதவைத் தட்டியபோது நாம் சாலைத் தெருவில் இருந்தோம். இங்கே கதவைத் தட்டியபோது “இவர்கள் வெளியூர்” என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். ஒரு குடும்பத்தில் கணவன் பெயர் இங்கே, மனைவி பெயர் அங்கே, மகன் பெயர் எங்கேயும் இல்லை என்று வந்து நின்றவர்களும் உண்டு.

2022 டிசம்பரில் தேர்தல் ஆணையம் ஓர் இயந்திரத்தை அறிவித்தது. புலம்பெயர்ந்தவர் இருந்த இடத்திலிருந்தே சொந்தத் தொகுதிக்கு ஓட்டுப் போடலாம், ஒரே இயந்திரத்தில் 72 தொகுதிகள் வரை அடக்கலாம் என்றார்கள். 2023 ஜனவரியில் கட்சிகளைக் கூட்டி விளக்கினார்கள். கட்சிகள் பல ஐயங்களைக் கிளப்பின. அத்தோடு அது கிடப்பில் போயிற்று. ஐயம் இருந்தால் ஐயத்தைத் தீருங்கள். இயந்திரம் வேண்டாமென்றால் தபால் வாக்கைத் தாருங்கள். படைவீரனுக்குக் கொடுத்த தபால் உறை பாட்டாளிக்குக் கொடுத்தால் கிழிந்துவிடுமா?

இரண்டு எதிர்வாதங்கள்

சிலர் கேட்பார்கள்: “படைவீரன் உத்தரவின்பேரில் போகிறான். நீங்கள் விரும்பித்தானே வந்தீர்கள்?”

நாம் பதில் சொல்கிறோம். படைவீரனின் தியாகத்துக்குத் தலை வணங்குகிறோம். நம் வீடுகளிலிருந்து போன பிள்ளைகள்தான் அவர்கள். நம் பெஞ்சில் வந்து அமர்ந்த தங்கையே அதற்குச் சாட்சி. ஆனால் நாம் விரும்பி வந்தோம் என்பது முழு உண்மையல்ல. மழை பொய்த்த ஆண்டு, கடன்காரன் வாசலில் நின்ற ஆண்டு, ஆலை மூடிய ஆண்டு, அந்தந்த ஆண்டு நமக்கும் உத்தரவு வந்தது. அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டது வயிறு. வயிறு போட்ட உத்தரவை மீறியவன் எவன்?

வேறு சிலர் கேட்பார்கள்: “இரண்டு ஊரிலும் சலுகை அனுபவிக்கப் பார்க்கிறீர்களா?”

இல்லை. ஒரு தொகுதிக்கு மேல் பதியக் கூடாது என்பது 17-ஆம் பிரிவு. பொய் உறுதி கூறினால் ஓராண்டு வரை சிறை என்பது 31-ஆம் பிரிவு. இரண்டையும் நாம் முழுமனத்தோடு ஏற்கிறோம். நாம் கேட்பது இரண்டு ஊர் அல்ல, ஒரே ஒரு ஊர். அதை நாமே சொல்ல வேண்டும், சொன்ன பிறகு இரண்டு அரசும் அதை மதிக்க வேண்டும். ரேஷனில் இது நடந்திருக்கிறது. 2019-இல் தொடங்கிய ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டுத் திட்டம், கார்டு ஊரில் இருந்தாலும் அரிசியைப் பணியிடத்தில் வாங்கலாம் என்ற கொள்கையை நாடெங்கும் ஏற்கச் செய்தது. அரிசிக்குப் பொருந்தும் நியாயம் ஓட்டுக்கும் பள்ளிச் சேர்க்கைக்கும் ஏன் பொருந்தாது?

இதிலே மிகவும் வேதனையானது சாதிச் சான்றிதழ். தாழ்த்தப்பட்டோர் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனி. ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குப் போனவர் அங்கே அந்தச் சலுகையைக் கேட்க முடியாது என்று 1990-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிற்று. 2018-இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வும் வேலைவாய்ப்பில் அதையே உறுதி செய்தது. ஆகவே தோட்டத்திலும் நகரத்திலும் தலைமுறைகளாக உழைக்கும் தமிழ்க் குடும்பத்திடம், குடியரசுத் தலைவரின் ஆணை பிறந்த 1950-க்கு முன்பே வந்ததற்கு ஆதாரம் கேட்கிறார்கள். பாட்டன் தோட்டத்தில் கையெழுத்துப் போடத் தெரியாமல் கைநாட்டு வைத்தவன். அவன் ஆதாரத்தைப் பேரன் எங்கே போய்த் தேடுவான்? தீண்டாமை எல்லையைத் தாண்டி வருகிறது. பரிகாரம் மட்டும் எல்லையில் நின்றுவிடுகிறது. நீதிமன்றம் உள்ள சட்டத்தைச் சொல்லிற்று. சட்டத்தை மாற்ற வேண்டியது நாடாளுமன்றம்.

நம் கோரிக்கைகள்

ஆகவே நாம் மத்திய அரசையும் இரு மாநில அரசுகளையும் வற்புறுத்துகிறோம்:

1. படைவீரருக்கு உள்ளதைப்போல, வெளிமாநிலத்தில் உழைக்கும் குடும்பம் தன் ஊர் எது என்று தானே எழுதி உறுதி கூறும் முறையைச் சட்டமாக்க வேண்டும். சொந்த ஊரோ, பணியிடமோ, ஏதேனும் ஒன்று.

2. கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே ஊரைத் தேர்ந்துகொள்ளும் வசதி வேண்டும். ஆனால் மணமானதால் மட்டும் ஒரு பெண்ணின் சொந்த ஊர் பறிபோகக் கூடாது.

3. தொழில் வரி ரசீது, நலநிதி வாரிய அட்டை, பிள்ளையின் பள்ளிச் சான்று, தொழிற்சங்கச் சான்று ஆகியவற்றைக் குடியிருப்புக்கு ஆதாரமாக ஏற்க வேண்டும். வரி வாங்கும் கை சான்றும் தர வேண்டும்.

4. சொந்த ஊரைத் தேர்ந்துகொண்டவருக்குத் தபால் வாக்கோ, வேறு நம்பகமான முறையோ வேண்டும்.

5. இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணின் பள்ளியில் படித்த தாழ்த்தப்பட்ட பிள்ளைகளின் உரிமையை நாடாளுமன்றம் புதிதாகச் சட்டம் செய்து காக்க வேண்டும்.

நம் குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். கோரிக்கை வெல்லும் வரை கைகட்டி இருக்க வேண்டாம். இரண்டு ஊரில் பெயர் இருந்தால் ஒன்றை நீக்குங்கள். குடும்பமாக உட்கார்ந்து, எந்த ஊர் என்று முடிவு செய்யுங்கள். அந்த முடிவில் வீட்டுப் பெண்களின் சொல்லும் இருக்கட்டும். புதிதாகப் பதிய 6-ஆம் எண் படிவம், இடம் மாற்ற 8-ஆம் எண் படிவம், படைவீரருக்கு 2-ஆம் எண் படிவம். வரி ரசீது ஒன்றையும் தூக்கி எறியாதீர்கள். பட்டியல் வெளியாகும்போது பெயரைத் தேடிப் பாருங்கள். எழுதத் தெரியாதவர்கள் ஞாயிறு மாலைகளில் சங்கத்துக்கு வாருங்கள். எழுதிக் கொடுக்கத் தோழர்கள் இருக்கிறார்கள்.

அன்று மாலை அந்தத் தங்கை தம் சந்தேகம் தீர்ந்து எழுந்தார். இந்த ஊரிலேயே பொது வாக்காளராகப் பதிவதா, ஊரிலேயே இருப்பதா என்று வீட்டுக்காரரிடம் பேசி முடிவு செய்வதாகச் சொன்னார். பிறகு பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, “எங்களுக்கு இரண்டு வழி இருக்கு அண்ணாச்சி, உங்களுக்கு ஒண்ணாவது வேண்டாமா?” என்றார்.

அந்த ஒரு வழியைத்தான் நாம் கேட்கிறோம். நாட்டைக் காப்பவனுக்குக் கொடுத்ததை, நாட்டைச் சுமப்பவனுக்கும் கொடுங்கள்!